சுவரில் கூர்ப்பா (நத்தை), காட்டில் ஒன்றுகூட இல்லையே?

கேள்வி: மழை பெய்த மறுநாள் எங்கள் வீட்டுச் சுவரெங்கும் கூர்ப்பா. கீரைப் பாத்தியை மொட்டையடித்துவிடுகின்றன. போன மாதம் பிள்ளைகளோடு பிளாக் ரிவர் காட்டுக்குப் போனோம். அவ்வளவு ஈரம், அவ்வளவு பச்சை; ஒரு நத்தைகூடக் கண்ணில் படவில்லை. காட்டு நத்தையெல்லாம் ஊருக்குக் குடிவந்துவிட்டதா, ஐயா?
— வாசகி, திரியோலே, மொரிஷியஸ்

பதில்: இல்லை அம்மா. உங்கள் சுவரில் ஊர்வது நம் காட்டைச் சேர்ந்ததே அல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய நத்தை; மனிதர்களோடு மொரிஷியஸுக்கு வந்தது. வாழைத்தூர், பழைய பலகையின் அடி, கீரைப் பாத்தி என்று நாம் கிளறிப்போட்ட இடமெல்லாம் அதற்கு விருந்து வீடு. சுவரில் ஏறுவதும் காரணமாகத்தான்: ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டுமே, வெள்ளையடித்ததைச் சுரண்டித் தின்னும்.

காட்டில் நீங்கள் நின்றபடி தேடியிருப்பீர்கள். அங்கே பல நத்தைகள் மிளகளவுதான். நான் உயிரியல் ஆசிரியராக இருந்தபோது, மார் லோங் பக்கம் ஒரு மாணவன் ஈரச் சருகொன்றைத் திருப்பினான். அடியில் பழுப்பாக ஒரு சிறு கூம்பு. விரல் பட்டதும் உடலை உள்ளே இழுத்து, வாசலை ஒரு மூடியால் அடைத்துக்கொண்டது. பத்து நிமிடம் காத்திருந்தோம், திறக்கவேயில்லை. உங்கள் தோட்டத்துப் பெரிய நத்தைக்கு அந்த மூடி கிடையாது.

தாழையின் இலை இடுக்குகளிலும் பாருங்கள். மழைநீரும் மட்கிய சருகும் அங்கே தங்கும், நத்தையும் தங்கும்.

ஆனால் பச்சையெல்லாம் காடு அல்ல. நல்ல நிலையிலுள்ள, இந்த மண்ணுக்கே உரிய இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை. மிச்சக் காட்டில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வந்த சீனக் கொய்யா நெருக்குகிறது. (பழம் பறிக்க நானும் போகிறவன்தான்.) அதற்காக ஒரேயடியாக வெட்டிச் சாய்த்தாலும் வெயில் தரையில் விழும், சருகு காயும், அதில் வாழும் நத்தையும் காயும். கொஞ்சம் கொஞ்சமாகக் களைவதே நல்லது.

1960களில் இன்னொரு கூத்தும் நடந்தது. பெரிய நத்தையை ஒழிக்கட்டும் என்று அமெரிக்காவின் வேட்டை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவோ நம் சிறு நத்தைகளைத் தேடித் தின்றது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

உங்கள் பாத்திக்கு: பக்கத்தில் கிடக்கும் பலகை, உடைந்த கூரை ஓடுகளை அகற்றுங்கள். இருட்டியதும் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். வெறுங்கை வேண்டாம், மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கலாம். கீரையை நன்றாகக் கழுவுங்கள். உப்புத் தூவாதீர்கள், மண் கெடும்.

மறுபடி காட்டுக்குப் போனால் பிள்ளைகளைக் குனிந்து சருகைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகு இருந்தபடியே கவிழ்த்து வைத்துவிட வேண்டும்.