அட்டை எந்தப் பக்கம், ஆள் எந்தப் பக்கம்?

குமுளியில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே கடைவீதியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த வீதியில் இருபது வருஷத்துக்கு மேலாக மனு எழுதிக்கொடுத்து வருகிறேன். காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் கம்பம் திரும்புகிறவர்களுக்கு என்னிடம் பெரிதாக வேலை இல்லை. கேரளத்தில் குடியேறக் குடும்பத்தோடு மலை ஏறுகிறவர்கள்தான் என்னைத் தேடி வருகிறார்கள், அதுவும் ஏறி ஆறு மாதம் கழித்து. இந்த முறை சிலர் ஏறுவதற்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். சந்தோஷம்.

கேள்வி: அண்ணே, நான் கொத்தனார். கம்பத்தில் நாளுக்கு 750 ரூபாய் கிடைக்கிறது. கோட்டயத்தில் 1,000 தருவதாக மேஸ்திரி கூப்பிடுகிறார். 5,500 ரூபாய் வாடகையில் வீடும் பார்த்தாயிற்று. ரேஷன் அட்டையைச் சரண்டர் செய்துவிட்டு மனைவி, பிள்ளைகளோடு போய்விடலாமா? (கம்பம்)

பதில்: கூலி அங்கே கூடுதல் என்பதில் சந்தேகமே இல்லை. ரிசர்வ் வங்கி வெளியிடும் கையேட்டின்படி 2022-23இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 852.5 ரூபாய், தமிழ்நாட்டில் 500.9, நாட்டுச் சராசரி 393.3. ஆனால் தம்பி, கூலியை மட்டும் எண்ணாதீர்கள், வேலை நாளையும் எண்ணுங்கள். கம்பத்தில் மாதம் 24 நாள் வேலை என்றால் 18,000. கோட்டயத்தில் நல்ல மாதம் 25 நாள் என்றால் 25,000. ஜூன் பிறந்து இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் 15 நாள் வேலை கிடைப்பதே பெரிது. அப்போது கைக்கு வருவது 15,000. அதில் வாடகை போனால் 9,500. மழை அங்கே ஒரு தடவையோடு நிற்பதும் இல்லை, ஐப்பசியில் துலாவர்ஷம் என்று மறுபடி வரும். அதனால் ஒரு மழைக்காலம் முடியும்வரை நீங்கள் மட்டும் கூட்டு ரூமில் தங்கி வேலை பாருங்கள். நிஜமாக எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று நோட்டில் குறித்து வையுங்கள். குடும்பம் வருவதா வேண்டாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ரேஷன் அட்டையைச் சரண்டர் செய்யவே வேண்டாம். உங்கள் ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்று அச்சாகியிருக்கிறதா, என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாதது) என்றா என்று முதலில் பாருங்கள். பி.எச்.எச். என்றால் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் கோட்டயத்துக் கடையிலேயே விரல் வைத்து உங்கள் பங்கு அரிசியை வாங்கலாம், மீதியை வீட்டில் இருப்பவர்கள் ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கிடைப்பது மத்தியத் தொகுப்புத் தானியம் மட்டும். நம் ஊர்க் கடையின் பருப்பும் பாமாயிலும் எல்லை தாண்டாது. என்.பி.எச்.எச். அட்டை என்றால் அரிசியும் தாண்டாது. அப்புறம், உங்கள் மனைவிக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது என்றால் அதுவும் இந்த அட்டையைப் பிடித்துத்தான் வருகிறது.

நானே ஒரு காலத்தில் அவசரப்பட்டு இந்தப் பக்கத்து அட்டையை ஒப்படைத்தேன். அந்தப் பக்கத்து ஆபீஸில் 'வீட்டு நம்பர் இல்லை' என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். எட்டு மாதம் இரண்டு மாநிலத்திலும் நான் அட்டையில்லாத ஆள். அரிசியைக் கடைவிலைக்கு வாங்கித் தின்றேன்.

இன்னொன்று. கேரளத்தில் நாமும் வெளிமாநிலத் தொழிலாளிதான், 'அதிதி தொழிலாளி' என்பார்கள். பக்கத்து ஊர்க்காரன்தானே என்று பலர் பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். தொழிலாளர் துறையில் பதிந்து 'ஆவாஸ்' காப்பீட்டிலும் சேர்ந்துகொள்ளுங்கள். சாரம் சரிந்தால் மேஸ்திரியின் போன் அணைந்துவிடும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு மூணாறில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. மகள் போடியில் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள், டாக்டராக வேண்டும் என்கிறாள். அங்கே தமிழ் மீடியம் உண்டாமே, சேர்த்துவிடலாமா? (போடிநாயக்கனூர்)

பதில்: தமிழ் மீடியம் உண்டு. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வையே தமிழில் எழுதலாம். மூணாறு, பீர்மேடு, பாலக்காட்டுப் பக்கம் தலைமுறை தலைமுறையாக எழுதுகிறார்கள். பள்ளிக்கூடங்களின் தரத்திலும் நான் குறை சொல்ல மாட்டேன். 2017இல் வந்த சட்டப்படி மலையாளமும் ஒரு பாடமாகப் படிக்க வேண்டியிருக்கும். அது நல்லதுதான், பிள்ளைகள் ஒரு வருஷத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் அம்மா, உங்கள் மகள் விஷயத்தில் நான் 'வேண்டாம்' என்றுதான் சொல்வேன். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதற்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் மூணாறில் படித்துவிட்டு ப்ளஸ் ஒன்னுக்குத் திரும்பினாலும் அந்தச் சங்கிலி அறுந்தது அறுந்ததுதான். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்கைத்தான் பார்க்கிறது. பையனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன், அதற்கும் இதே கணக்கு. கேரளப் பக்கம் விண்ணப்பிக்கலாமே என்பீர்கள். அந்த நுழைவு விண்ணப்பத்தில் 'கேரளியர் அல்லாதவர்' என்று தனிப் பிரிவு இருக்கிறது, உங்கள் மகளை அதில்தான் நிறுத்திப் பார்ப்பார்கள். இங்கே உள்ளதை விட்டுவிட்டு அங்கே வாசலில் நிற்பானேன்?

வீட்டுக்காரர் போகட்டும். மகள் போடியில் பாட்டி வீட்டிலோ அரசு விடுதியிலோ இருந்து படிக்கட்டும். போடிமெட்டு வழியாக வார விடுமுறைக்கு வந்துபோகிற தூரம்தான். டாக்டர் ஆசை இல்லாத, நான்காவது ஐந்தாவது படிக்கிற பிள்ளை என்றால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கேள்வி: தென்காசி பதிவெண் உள்ள என் பைக்கைப் புனலூரில் வைத்து ஓட்டலாமா? (செங்கோட்டை)

பதில்: 12 மாதம்வரை தாராளமாக. அதற்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். தென்காசியில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே படிவம் 27 கொடுத்து, அந்த மாநிலச் சாலை வரியைக் கட்ட வேண்டும். கடன் பாக்கி இருந்தால் பைனான்ஸ்காரரின் சம்மதமும் தேவை. வண்டிக்கு 12, 13 வயது ஆகிவிட்டது என்றால் இந்த அலைச்சல் தேறாது, ஊரிலேயே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குங்கள். உங்கள் லைசென்ஸுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அது நாடு முழுக்கச் செல்லும்.

கேள்வி: நாங்கள் பட்டியல் சாதியினர். 2004இல் உத்தமபாளையத்திலிருந்து வண்டிப்பெரியாருக்கு வந்தோம். மகன் இங்கேதான் பிறந்தான், மலையாளமும் நன்றாக எழுதுவான். எங்கள் சாதி கேரளப் பட்டியலிலும் இருக்கிறது. கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குச் சாதிச் சான்று கேட்டால் தர மறுக்கிறார்கள். எங்கே மனு கொடுப்பது? (வண்டிப்பெரியார்)

பதில்: எனக்கு வரும் கேள்விகளில் மனதுக்கு மிகவும் கஷ்டமானது இதுதான். மனு எழுதிக் காசு வாங்கிக்கொள்ள என்னால் முடியும். ஆனால் அது நிற்காது.

சாதியின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருப்பது போதாது. அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவு 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை' என்றே பட்டியலைப் பேசுகிறது. முதல் ஜனாதிபதி ஆணை வந்த நாள் 10-8-1950. அன்றைக்கு உங்கள் முன்னோர் எந்த மாநிலத்தில் குடியிருந்தார்கள் என்பதுதான் கணக்கு. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே மாநில அரசின் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1990இல் சொன்னது, 2018இலும் அதையே உறுதி செய்தது. மகன் கேரளத்தில் பிறந்தான் என்பதால் இது மாறாது.

ஆனால் கை முழுக்கக் காலி இல்லை. அப்பாவின் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றை வைத்து, குடிபெயர்ந்தவர் என்ற குறிப்போடு கேரளத்திலேயே ஒரு சான்று வாங்க வழி இருக்கிறது. மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் அது செல்லும். ரயில்வே, தபால், வங்கி என்று மகன் அந்தப் பக்கம் திரும்பட்டும். கேரள பி.எஸ்.சி.யைப் பொதுப் பிரிவில் எழுதத் தடை இல்லை. தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் என்று தனியாகவே அறிவிப்பு வரும். இரண்டும் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அது தோதானது, விடாமல் கவனியுங்கள்.

இதைப் படிக்கிற பழைய எஸ்டேட் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாத்தா 1950க்கு முன்பே பீர்மேட்டிலோ தேவிகுளத்திலோ கொழுந்து பறித்தவர் என்றால் உங்கள் நிலைமையே வேறு. அதை நிரூபிக்கக் காகிதம்தான் வேண்டும்: எஸ்டேட்டின் பழைய செக்ரோல் (வேலையாள் வருகைப் பேரேடு), சர்வீஸ் ரிஜிஸ்டர், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. எஸ்டேட் கைமாறும்போதும் மூடும்போதும் முதலில் தொலைவது இந்த நோட்டுகள்தான். பேரனுக்கு வேலை வரும்போது தேடிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், இந்த மாதமே போய் நகல் கேளுங்கள்.

கேள்வி: ஓட்டு இரண்டு ஊரிலும் இருக்கிறது. ஒன்றும் ஆகாதுதானே? (நெடுங்கண்டம்)

பதில்: ஆகும். ஒருவருக்கு ஒரே இடத்தில்தான் பெயர் இருக்கலாம். பொய்யாக உறுதிமொழி கொடுத்திருந்தால் ஒரு வருஷம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. இருக்கிற ஊரில் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லுங்கள். இனிமேல் ஊர் மாறினால் படிவம் 8 போதும்.

கேள்வி: வீட்டுச் சாமான்களை லாரியில் கொண்டுபோனால் யூனியன்காரர்கள் வந்து நோக்குகூலி கேட்பார்களா? (தேவாரம்)

பதில்: சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதற்கே கூலி என்ற அந்த வழக்கம் 2018 மே தினத்தோடு ஒழிக்கப்பட்டதாக அரசு அறிவித்துவிட்டது. சுமட்டுத் தொழிலாளர் (சுமை தூக்குவோர்) சட்டமும் சொந்த வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதைத் தனியாக ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது. கட்டில் பீரோவை நீங்களும் மச்சானும் இறக்கலாம். யாராவது வந்து நின்றால் சண்டை வேண்டாம், போலீஸுக்கு போன் செய்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நிஜமாகவே தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்றால் அவர்களையே கூப்பிடுங்கள், ரேட்டை முன்கூட்டியே பேசிக்கொண்டு. பீரோவை அவர்கள் மாதிரி நம்மால் படி ஏற்ற முடியாது.

கேள்வி: எனக்கு மலையாளம் பேச வரும், எழுதப் படிக்கத் தெரியாது. ஆபீஸ்களில் ஏமாந்துவிடுவேனோ? (கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: பேச வரும் என்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே 'அவதி' என்றால் லீவு, 'சம்சாரம்' என்றால் பேச்சு, 'வெள்ளம்' என்றால் குடிக்கிற தண்ணீர். நம் மாவட்டத்தில் பாதி ஊர் 'பட்டி'யில் முடியும், அங்கே பட்டி என்றால் நாய். 'நான் பட்டிக்காரன்' என்று ஒருவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

எழுத்து விஷயத்தில் உங்களுக்கு ஒரு உரிமை உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழும் கன்னடமும் பேசுகிறவர்கள் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். கோட்டயம், எறணாகுளம் உள்ளூர் ஆபீஸில் இதைப் பேசிப் பயன் இல்லை. எங்கே இருந்தாலும் வாடகை ஒப்பந்தத்தை மட்டும் ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எல்லாரும் 11 மாதத்துக்கு எழுதுவதற்குக் காரணம், ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டிவரும் என்பதுதான். அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: முப்பது வருஷம் தேயிலை எஸ்டேட் வேலை. இந்த வருஷம் ரிட்டயர். லயத்தை (எஸ்டேட் குடியிருப்பை) காலி செய்துவிட்டுச் சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்கே போகிறோம். பென்ஷன் அங்கே வருமா? (மூணாறு)

பதில்: வரும். பி.எப். பென்ஷனை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம் என்று 2025 ஜனவரியிலிருந்து மாற்றிவிட்டார்கள். வருஷா வருஷம் உயிர்ச்சான்று மட்டும் கொடுக்க வேண்டும், அதற்கு மூணாறு ஏற வேண்டியதில்லை, ஊர் இ-சேவை மையத்திலேயே விரல் வைத்தால் போதும்.

கிராஜுவிட்டியில்தான் கவனம் வேண்டும். வருஷத்துக்கு 15 நாள் கூலி என்பது கணக்கு. உங்கள் நாள் கூலி பஞ்சப்படியோடு 450 என்று வைத்தால் 15 × 450 × 30, அதாவது 2,02,500 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதமானால் வட்டியும் உண்டு. கீழே இறங்கிவிட்டால் இதற்காக மலைக்கும் சங்கரன்கோவிலுக்கும் அலைவது உங்கள் வயதில் ஆகாது. அதனால், 'லயத்தை ஒப்படைக்கவில்லை' என்று பிறகு யாரும் சொல்ல இடம் கொடுக்காமல், லயத்துச் சாவியை எந்தத் தேதியில், யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். சர்வீஸ் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கேரள ரேஷன் அட்டையில் பெயர் நீக்கிய சான்று இவை மூன்றும் கையில் இருந்தால் லாரியைக் கூப்பிடலாம்.