பாட்டி கேக்கை நாலு பேருக்குக் கொடுக்கணும்னா: கேட்டதும் சொன்னதும்

பாட்டிகிட்ட கத்துக்கிட்ட கேக், பிஸ்கட், ரொட்டி இதையெல்லாம் மத்தவங்களுக்குக் கொடுக்கறது, சொல்லித் தர்றது பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு: சூடு ஆறாம டப்பாவை மூடாதீங்க.

அக்கா, எங்க பாட்டிக்கு 80 தாண்டிருச்சு. கேக் அளவு கேட்டா "ரெண்டு கை மாவு, பதம் வர்ற வரைக்கும் பால்"னுதான் சொல்றாங்க. எப்படி எழுதி வைக்கறது?

கேக்காதீங்க, செய்யச் சொல்லி பக்கத்துல நில்லுங்க. வாயால கேட்டா அவங்களுக்கே தெரியாது, கைக்குத்தான் தெரியும். அவங்க வர்றதுக்கு முன்னாடியே மாவு டப்பா, சர்க்கரை டப்பா, பால் பாத்திரம், வெண்ணெய் எல்லாத்தையும் எடை போட்டு குறிச்சு வெச்சிருங்க, செஞ்சு முடிச்சதும் திரும்ப எடை போடுங்க, குறைஞ்சதுதான் அவங்க எடுத்த அளவு. அவங்க கையைப் பிடிச்சு நிறுத்தி "இருங்க பாட்டி, தராசுல போடறேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் யோசிச்சு யோசிச்சு எடுப்பாங்க, அளவு மாறிடும். ஒரு தடவை பத்தாது, மூணு தடவையாவது பாருங்க. மூணும் கொஞ்சம் கொஞ்சம் வேற வேறயா வரும், பயப்படாதீங்க, எது எவ்வளவு வரைக்கும் மாறலாம்னு அதுலதான் தெரியும்.

டம்ளர் கணக்கு சொன்னா அதே டம்ளரை தராசுல வெச்சு தண்ணி ஊத்துங்க, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. 200 மில்லி டம்ளர்னா அதுல மைதா 200 கிராம் இருக்காது, சுமார் 100தான் பிடிக்கும், சர்க்கரை 170 கிட்ட வரும். இந்த ஒரு குழப்பத்துலதான் பாதிப் பேர் கேக் கல்லாகுது. முட்டையையும் ஓடு இல்லாம எடை போடுங்க, பெரிய முட்டை 50 கிராம் இருக்கும், அவங்க காலத்து முட்டை சின்னதா இருந்திருந்தா 4ன்னு எழுதினது உங்களுக்கு 3தான்.

நோட்டுல "மிதமான சூடு"ன்னு இருக்கு. எத்தனை டிகிரி?

180 செல்சியஸ். மெதுவான சூடுன்னா 150 கிட்ட, நல்ல சூடுன்னா 200க்கு மேல. ஃபேன் ஓடற ஓவன்னா 20 குறைச்சுக்கோங்க.

பக்கத்து வீட்டுக்குக் கேக் கொடுத்தேன், மறுநாள் அடியெல்லாம் சொதசொதன்னு ஆயிருச்சாம்.

ஆரம்பத்துலயே சொன்னேனே, சூடு ஆறாம டப்பாவை மூடாதீங்கன்னு. உள்ள இருக்கற ஆவி வெளிய போக வழியில்லாம தண்ணியா மாறி கேக்லயே இறங்குது. 10 நிமிஷம் சுட்ட தட்டுலயே, அப்புறம் கம்பி ஸ்டாண்டுல 2 மணி நேரமாவது ஆறட்டும்.

தப்பா நினைக்காதீங்க, ஆனா கிராம்ல எழுதிட்டா அது பாட்டி கேக்கே இல்ல. கைப்பக்குவம் தராசுல வராது.

தப்பா நினைக்கல, இதைப் பேசணும்னுதான் இருந்தேன். எங்க பாட்டி ஒரு ரொட்டி சுடுவாங்க, மேல மொறுமொறுன்னு உள்ள பஞ்சு மாதிரி. கைப்பக்குவம் கைப்பக்குவம்னு வீட்ல எல்லாரும் பெருமையா பேசினோம், ஒருத்தர் கூட எழுதல. அவங்க போயிட்டாங்க, ரொட்டியும் போயிருச்சு. எத்தனையோ தடவை செஞ்சு பாத்துட்டேன், மாவுல தண்ணி எவ்வளவுன்னு கூட தெரியாம எங்க இருந்து தேடறது? எடை தெரிஞ்சிருந்தா மீதியைக் கையால தேடிக் கண்டுபிடிச்சிருப்பேன்.

அதே ஆள்தான். அப்ப எடை இருந்தா அதே ருசி வந்துடுமா?

வராது, நான் அப்படிச் சொல்லல. அதனாலதான் அவங்க சொல்ற வார்த்தையையும் அப்படியே எழுதுங்கன்னு சொல்றேன். "கரண்டியில இருந்து விழறப்ப மடிஞ்சு மடிஞ்சு விழணும்"னு சொன்னா அதை கிராமுக்குப் பக்கத்துலயே எழுதுங்க. ரெண்டும் வேணும்.

ரகசியமா வெச்சிருந்த பாட்டியோட செய்முறையை ஊருக்கெல்லாம் சொல்றது சரியா அக்கா?

பாட்டி இருந்தா அவங்ககிட்டயே கேளுங்க, வேணாம்னா விட்ருங்க. அவங்க இல்லைன்னா வீட்ல மத்தவங்களைக் கேட்டுட்டு, பாட்டி பேரை எழுதிக் கொடுங்க. ஒரு பொருளை மறைச்சு வெச்சு அரைகுறையா மட்டும் கொடுக்காதீங்க, செய்யறவங்களுக்கு சரியா வராம போனா கெட்ட பேரு பாட்டிக்குத்தான்.

பேக்கிங் பவுடருக்கு பதிலா சோடா போடலாமா?

1 ஸ்பூன் பவுடருக்கு கால் ஸ்பூன் சோடா, கூடவே தயிரோ எலுமிச்சையோ புளிப்பா ஒண்ணு கட்டாயம். இல்லைன்னா சோப்பு வாசம்தான். பழைய பவுடரை சுடுதண்ணியில போடுங்க, நுரைக்கலைன்னா தூக்கிப் போட்ருங்க.

ஓவன் எத்தனை டிகிரி வைக்கணும்?

மேல இருக்கு.

6 இன்ச் வட்டத் தட்டு அளவை 9 இன்ச்சுக்கு எப்படி மாத்தறது?

எல்லாத்தையும் ரெண்டேகால் மடங்கு. ஒன்றரை மடங்கு இல்ல.

முட்டை இல்லாம?

நான் அப்படிச் செஞ்சதில்ல, செய்யறவங்களைக் கேளுங்க.

ரொட்டியை ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் கொடுக்கலாமா? குழந்தைங்க இருக்கற வீடு.

ஃப்ரிட்ஜ்ல ரொட்டி சீக்கிரமா இறுகிப் போகும். துண்டு துண்டா வெட்டி ஃப்ரீசர்ல வைங்க, அதுவும் ஆறினதுக்கு அப்புறம்தான். குழந்தைங்கன்னு சொன்னதால சொல்றேன், பால், முட்டை, கோதுமை, நட்ஸ் என்னென்ன இருக்குன்னு சீட்டுல எழுதி ஒட்டுங்க, நட்ஸ் நறுக்கின கத்தியில வெட்டினா அதையும் எழுதுங்க. தேன் போட்டது ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். பச்சை மாவை வழிச்சு நக்கவும் விடாதீங்க, முட்டை மட்டும் இல்ல, வேகாத மைதாவும் வயித்துக்கு ஆபத்து.

டிகிரி எவ்வளவுன்னு சொல்லலையே?

180. சொல்லிட்டேன், மேல பாருங்க.

அக்கா, எங்க பாட்டிக்குக் கை நடுங்குது, நிக்க முடியாது. அவங்களைச் செய்யச் சொல்ல முடியாதே?

அப்ப நீங்க கலக்குங்க, அவங்க நாற்காலியில உக்காரட்டும். கிண்ணத்தை மடியில வெச்சு விரலை விட்டுப் பாக்கச் சொல்லுங்க, பால் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. அவங்க "போதும்"னு சொன்ன உடனே நிறுத்திட்டு, பால் பாத்திரத்தை எடை போடுங்க. இந்த வாரமே செய்ங்க.