கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள்… மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: பழைய 250 சிசி டூ ஸ்ட்ரோக் ஆஃப்-ரோடு பைக் ஒன்று வாங்கினேன். கெய்ஹின் பிடபிள்யூகே 38 கார்புரேட்டர். மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே ப்ளக் கருத்து வண்டி நின்றுவிடுகிறது. சைலன்சர் வாயில் கறுப்பாக எண்ணெய் வழிகிறது. கார்புரேட்டரை மாற்றினால்தான் சரியாகும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது, அதாவது கலவை ரிச். பல நேரம் இதற்கு ஒரு பைலட் ஜெட்டும் (ஐடிலிங்கிலும் மெதுவாக ஓட்டும்போதும் பெட்ரோல் விடும் சிறு துளைப் பாகம்) ஒரு செட் ஓ-ரிங்கும் போதும்.

ஜெட் வாங்கக் கிளம்புமுன் சில்லறைச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் அழுக்கேறி அடைத்திருக்கிறதா? சோக் முழுசாக ஆஃப் ஆகிறதா? கியர்பாக்ஸ் ஆயில் அளவு குறைந்துகொண்டே வருகிறதா? குறைந்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் தேய்ந்து அந்த ஆயிலை எஞ்சின் குடிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதை எந்த ஜெட்டாலும் சரிசெய்ய முடியாது. அடுத்து ஃப்ளோட் உயரம், அதாவது பெட்ரோல் கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையின் உயரம். கிண்ணத்தைக் கழற்றி, ஃப்ளோட்டின் நாக்கு, பெட்ரோல் வழியை அடைக்கும் ஊசியின் ஸ்பிரிங்கைத் தொட்டும் அழுத்தாமலும் நிற்கும்படி கார்புரேட்டரைச் சாய்த்து அளக்க வேண்டும். இந்த மாடலில் பொதுவாக 16 மி.மீ. வரும், உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரி என்றால் ஏர் ஸ்க்ரூவுக்கு வாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி இருக்க வேண்டும். ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகி (இறுக்கக் கூடாது, நுனி நசுங்கும்) ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஐடிலிங்கைச் சற்று உயர்த்திவிட்டு, கால் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுங்கள், எஞ்சின் தாமதமாகத்தான் பதில் சொல்லும். ரேஸ் அதிகபட்சம் ஏறும் இடம் எதுவோ அதுதான் உங்களுக்கான இடம். அது ஒரு சுற்றுக்கும் குறைவு என்றால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பெரியது. உங்கள் வண்டி இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது. இப்போது 45 இருந்தால் 42, 40 இரண்டையும் வாங்குங்கள். அவற்றுக்கிடையில் விடை கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ காற்றுக்கானது, வெளியே எடுத்தால் லீன், அதாவது பெட்ரோல் குறைந்த கலவை. எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலுக்கானது, அங்கே கணக்கு தலைகீழ். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் பழகிய கை இங்கேதான் தவறு செய்யும்.

அடுத்து நடுப்பகுதி. ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கோளாறு வருகிறது என்பதைக் காது சொல்வதைவிட இது சரியாகச் சொல்லும். காலிலிருந்து முக்கால் வரை நீடில்தான் (ஸ்லைடில் தொங்கி, ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி) ராஜா. அங்கே தடதடவென்று அடைத்து ஓடினால் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றுங்கள்; நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். முக்காலுக்கு மேல் பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது மெயின் ஜெட். அதைக் கடைசியில் தொடுங்கள், அதுவரை பெரியதாகவே இருக்கட்டும். பெரிய மெயின் ஜெட்டால் இழுவைதான் குறையும், சிறியதால் முழு வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: அதே கார்புரேட்டர் பாதிக்கும் குறைந்த விலைக்கு ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் நகல். நகல் எல்லாமே குப்பை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதில் ஜெட் மேல் பொறித்த எண்ணையும் உள்ளே இருக்கும் துளையையும் நம்பி டியூனிங் செய்ய முடியாது. 42 என்று போட்டிருப்பது 45 போல் ஓடும், அடுத்தது 38 போல் ஓடும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் பைலட், மெயின், நீடில் மூன்றையும் அசல் பாகங்களாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். அந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், மலிவு என்பது எங்கே போயிற்று என்று தெரியும்.

கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால் ஸ்லைடை (ஆக்ஸிலேட்டர் கேபிள் தூக்கும் பாகம்) மேலும் கீழும் விட்டுப் பாருங்கள். சிக்காமல் விழ வேண்டும், பக்கவாட்டில் ஆடவும் கூடாது. வார்ப்பில் எழுத்துகள் மழுங்கியிருப்பதும், துளை ஓரங்களில் பிசிறு நிற்பதும் நல்ல அறிகுறி இல்லை. இன்னொன்று: கெய்ஹின் ஜெட் எண்ணும் இன்னொரு கார்புரேட்டர் நிறுவனமான மிகுனியின் ஜெட் எண்ணும் ஒரே அளவைக் குறிப்பவை அல்ல. ஒன்றுக்குப் பதில் மற்றதை எண் பார்த்து வாங்காதீர்கள்.

கேள்வி: ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நிற்கிறது. பெரிய பைலட் ஜெட் போட்டால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: சரியானது போல் இருக்கும், அதுதான் ஆபத்து. முதலில் கேபிளில் 2–3 மி.மீ. தளர்வு இருக்கிறதா, ஸ்லைடு முழுசாக இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் பூட்டில் வெடிப்பு, ரீடு வால்வு கேஸ்கெட், காந்தச் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள கிராங்க் சீல் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். வெளியில் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள்: கார்புரேட்டரையும் சைலன்சர் குழாயையும் கழற்றி, ரப்பர் பூட்டின் வாயையும் எஞ்சினில் புகை வெளியேறும் வாயையும் அடைத்து சுமார் 0.4 பார் காற்று ஏற்றினால் முள் சில நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீர் தடவி, குமிழி வரும் இடத்தைப் பிடிக்கலாம். கசிவை விட்டுவிட்டுப் பெட்ரோலைக் கூட்டினால், கசிவு பெரிதாகும் நாளில் பிஸ்டன் போய்விடும்.

கேள்வி: பெட்ரோலில் ஆயிலைக் கூடுதலாகக் கலந்தால் கலவை ரிச் ஆகும்தானே?

பதில்: இல்லை, நேர் எதிர். ஜெட் வழியே போகும் திரவம் அதே அளவுதான். அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது, ஆகவே லீன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 32:1 என்றால் 31 மி.லி. ஆயில், 40:1 என்றால் 25, 60:1 என்றால் 17. கையேடும் ஆயில் டப்பாவும் சொல்லும் ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு ஜெட்டைத் தொடுங்கள். டியூனிங் முடித்த பின் விகிதத்தை மாற்றினால் திரும்ப ஏர் ஸ்க்ரூவிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: மலைப்பாதையில் ஏறியதும் வண்டி அடைக்கிறது. ஜெட் மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். மேலே காற்று மெலிது, அதே பெட்ரோல் அங்கே அதிகம். நீடிலை ஒரு காடி இறக்கி, மெயின் ஜெட்டை ஓரிரு அளவு குறைத்தால் தெளியும். கழற்றிய ஜெட்டைப் பையிலேயே வைத்திருங்கள், இறங்கியதும் முழு வேகம் எடுக்குமுன் அதைத் திரும்பப் போட்டாக வேண்டும்.