ஐரோப்பிய ஆணையத்தில் யார் எந்த வேலையைப் பார்க்கிறார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் வேலையை நாடுவாரியாகப் பிரித்துக்கொள்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, துறைவாரியாகத்தான். உறுப்பு நாட்டுக்கு ஒருவர் என்று, தலைவரையும் சேர்த்து 27 ஆணையர்கள் உண்டு. யாருக்கு எந்தத் துறை என்று முடிவுசெய்பவர் ஆணையத் தலைவர். ஆணையர்கள் சொந்த நாட்டு அரசு சொல்வதைக் கேட்டு நடக்கக் கூடாது என்பது ஒன்றியத்தின் ஒப்பந்த விதி. நடைமுறையில் எப்படி என்பது வேறு கதை.

ஆணையர்களை அமைச்சர்கள் மாதிரி என்று வைத்துக்கொண்டால், அவர்களுக்குக் கீழே வேளாண்மை, வர்த்தகம், போட்டிச் சட்டம் என்று தலைமை இயக்ககங்கள் இருக்கின்றன. அன்றாட வேலை அங்கேதான் நடக்கிறது. பெரும்பாலானவை பிரஸ்ஸல்ஸில், புள்ளிவிவரம் பார்க்கும் யூரோஸ்டாட் போன்ற சில லக்சம்பர்க்கில்.

சுவாரசியமே துறைகள் உரசிக்கொள்ளும் இடத்தில்தான். பூச்சிமருந்து பற்றிய சட்ட வரைவை எழுதுவது உடல்நலம், உணவுப் பாதுகாப்புத் துறை. ஆனால் வேளாண்மை, சுற்றுச்சூழல் துறைகளுக்கும் சட்டப் பிரிவுக்கும் அதை அனுப்பிக் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். இழுபறி வந்தால் ஆணையத்தின் தலைமைச் செயலகம் நடுவில் நின்று பேசும். அப்புறம் ஆணையர்களின் சொந்த அலுவலகத்து ஆட்கள் கூடி, முடிந்தவரை சரிக்கட்டுவார்கள். கடைசி முடிவு ஆணையர்கள் எல்லோர் பெயரிலும்தான் வெளிவரும். வாக்கெடுப்பு என்று வந்தால் தலைவர் உட்பட ஆளுக்கு ஒரு வாக்கு.