நல்ல காலுக்கும் சேர்த்து எதற்குக் கம்பி?

கேள்வி: என் பையனுக்குப் பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. வளைபாதம் என்றார்கள். பத்தாம் நாளே ஆரம்பித்து ஆறு மாவுக்கட்டு போட்டு, குதிகாலில் சின்னதாக ஒரு ஆபரேஷனும் செய்தார்கள். அப்புறம் மூன்று மாதம் முழு நேரமும் கம்பி ஷூ (இரண்டு கால் ஷூவையும் ஒரே கம்பியில் பூட்டியிருக்கும்), இப்போது தூங்கும்போது மட்டும் போடச் சொல்லியிருக்கிறார்கள். பதினோரு மாதம் ஆகிறது. கால்தான் நேராகிவிட்டதே, பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறான் என்று மாமியார் கழற்றி வைத்து மூன்று வாரமாகிறது. நல்ல காலையும் சேர்த்து ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படி என்றும் சொல்கிறார்கள். இரண்டு நாளாகப் பாதம் லேசாக உள்ளே திரும்புவதுபோல எனக்குத் தோன்றுகிறது.
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. தினமும் அந்தக் காலைத் தொட்டுக் குளிப்பாட்டுகிறவர் நீங்கள், உங்களுக்குத் தோன்றினால் அதைத் தள்ளிவிட முடியாது. அடுத்த மாதம் வரச் சொன்ன தேதி வரைக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே கட்டுப் போட்ட டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மூன்று வாரம் போடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து “தினமும் போடுறோம் டாக்டர்” என்று சொல்லும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் தப்பு ஷூவிலா, அளவிலா, வேறு ஏதாவதா என்று தேடிக்கொண்டு டாக்டரும் சேர்ந்து திண்டாடுவார்.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்லப் போவதில்லை. அவர் கண்ணுக்குக் கால் நேராக இருக்கிறது, உண்மையிலேயே நேராகத்தான் இருந்திருக்கும். ஆனால் இந்த வைத்தியத்தில் மாவுக்கட்டு பாதி வேலைதான். பல வருஷம் மடித்தே வைத்திருந்த பட்டுப்புடவையைத் தேய்த்து மடிப்பை எடுத்துவிட்டு, மறுபடி பீரோவில் வைத்துப் பாருங்கள், பழைய மடிப்பு தானாக வந்து உட்காரும். வயிற்றுக்குள் இருக்கும்போதே அந்தப் பாதத்தின் உள்பக்கத் தசைநார்கள் தடித்து, குறுகி, இறுகிப் போயிருக்கின்றன. கட்டுப் போட்டு இழுத்து நேராக்கியிருக்கிறோமே தவிர அந்த இழுப்புக் குணம் போகவில்லை. பாதம் வேகமாக வளர்கிற முதல் நாலு வருஷமும் அது பழைய இடத்துக்கே போகத்தான் பார்க்கும். அதனால்தான் நாலு வயது வரை ராத்திரித் தூக்கத்துக்கும் பகல் தூக்கத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முதல் பதினாலு மணி நேரம் போடச் சொல்கிறோம். சரியான பாதம் மறுபடி திரும்பிவிட்டது என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் நடந்தது இதுதான், ஷூவைக் கழற்றி வைத்தது.

நல்ல கால் கேள்வி நியாயமான கேள்வி. மாவுக்கட்டு போட்ட காலுக்கு மட்டும் ஷூ மாட்டினால் என்ன ஆகும்? பாதம் ஷூவோடு சேர்ந்து உள்ளே திரும்பும், அவ்வளவுதான். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்து நிறுத்த எதிர்ப்பக்கத்தில் ஒரு பிடிமானம் வேண்டும், அந்தப் பிடிமானம்தான் இடது கால். ஷூவைக் கவனித்துப் பாருங்கள்: வலது ஷூ கம்பியில் அறுபது எழுபது டிகிரி வெளியே திரும்பியிருக்கும், இடது ஷூ முப்பது நாற்பதுதான் திரும்பியிருக்கும். கம்பியின் நீளமும் குழந்தையின் தோள் அகலத்துக்கு இருக்கும். இந்த அளவுகளை வீட்டில் யாரும் ஸ்பேனர் போட்டு மாற்ற வேண்டாம். “பார்க்கவே பாவமாக இருக்கிறது” என்று ஒரு தாத்தா இரண்டு ஷூவையும் நேராகத் திருப்பி முடுக்கிவிட்டதைப் பார்த்திருக்கிறேன், பேரன் நிம்மதியாகத் தூங்கினான், பாதமும் நிம்மதியாகத் திரும்பிக்கொண்டது.

சரி, அழுகைக்கு வருவோம். முழு நேரம் போட்டிருந்த மூன்று மாதத்தில் அவனுக்கு அது பழகியிருக்கும். ராத்திரி மட்டும் என்று ஆன பிறகுதான் அடம் ஆரம்பிக்கும், இவ்வளவு நேரம் சுதந்திரமாக இருந்தேனே என்று. ஒருநாள் அழுதான் என்று கழற்றினால் மறுநாள் இன்னும் ஓங்கி அழுவான், இதில் எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள். சாப்பாடு, முகம் கழுவல், ஷூ, தாலாட்டு என்று தினமும் ஒரே வரிசை, ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஷூ மாட்டியதும் தூங்க விடாமல் பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டுங்கள். கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் ஒன்றாக மடக்கி நீட்டுங்கள். ஒவ்வொரு காலாக உதைக்கப் பார்ப்பதால்தான் அவனுக்கு எரிச்சல், இரண்டையும் சேர்த்து உதைக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டால் அவனே கட்டிலை அதிர வைப்பான். கம்பியில் ஒரு பழைய துண்டைச் சுற்றிவிடுங்கள், பக்கத்தில் படுக்கிற உங்கள் தாடையும் தப்பிக்கும்.

மாட்டும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மெல்லிய பருத்தி சாக்ஸ், விரல் பக்கம் தடித்த தையல் இல்லாததாக. முழங்காலை மடக்கிக்கொண்டு பாதத்தை ஷூவுக்குள் விட்டு, குதிகால் அடியில் நன்றாக உட்கார்ந்த பிறகு நடு வாரை முதலில் இறுக்குங்கள், குதிகாலைக் கீழே பிடித்து வைப்பது அந்த வார்தான். பயந்துகொண்டு தளர்வாகக் கட்டினால் பாதம் உள்ளே வழுக்கி வழுக்கி உரசும், புண் வருவது பெரும்பாலும் அதனால்தான், இறுக்கத்தால் இல்லை. கழற்றியதும் லேசாகச் சிவந்திருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் மறையாத பளிச்சென்ற சிவப்பு, கொப்புளம் என்றால் காட்ட வேண்டும். சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவாதீர்கள், தோல் ஊறி இன்னும் சீக்கிரம் உரியும்.

இன்று ராத்திரியே மாட்டிப் பாருங்கள். குதிகால் அடியில் போய் உட்காராமல் தூக்கிக்கொண்டே நின்றால் முரட்டுத்தனமாகத் திணிக்காதீர்கள், பாதம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். திரும்பியிருந்தாலும் இடிந்து போக வேண்டாம். இந்த வயதில் பெரும்பாலும் இன்னும் இரண்டு மூன்று மாவுக்கட்டில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம், சிலருக்குக் குதிகால் தசைநாரை மறுபடி அறுத்து விடுவிக்க வேண்டியிருக்கும். தழும்பே தெரியாத ஒரு கீறல்தான் அது, அறுத்த தசைநார் மூன்று வாரக் கட்டுக்குள்ளேயே நீளமாக வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்று நான் சொல்வது உருவிவிடுகிற வைத்தியத்தைத்தான். கட்டுப் போடுகிறவர் எந்த எலும்பை ஊன்றிக்கொண்டு எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, தெரியாத கை முறுக்கினால் பிஞ்சு எலும்பு நசுங்கும்.

இந்த முறையைக் கொண்டுவந்த இக்னாசியோ பொன்செட்டி ஸ்பெயினில் பிறந்து, அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, 1941-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர். பாதத்தை அறுத்துச் சரிசெய்த பிள்ளைகள் பெரியவர்களானதும் பாதம் விறைத்து வலியோடு வருவதைப் பார்த்துத்தான் அவர் மாவுக்கட்டின் பக்கம் போனார். 1963-லேயே எழுதிவிட்டார், மருத்துவ உலகம் முப்பது வருஷத்துக்கு மேல் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990களின் கடைசியில் இன்டர்நெட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பியதில் உங்களைப் போன்ற பெற்றோருக்குப் பெரிய பங்கு உண்டு. இதை மாமியாரிடம் சொல்லுங்கள், டாக்டர் சொன்னதை விட இது எடுபடலாம்.

கிரகணம்: இல்லை. சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வருகிறது, கிரகணமே தெரியாத ஊர்களிலும்தான். பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, மற்றபடி முழுக் காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. நீங்கள் செய்த எதனாலும் வந்ததல்ல.

நடை ஒன்றிரண்டு மாதம் தள்ளிப் போகலாம், அதற்குக் கம்பியைக் குறை சொல்லாதீர்கள். வலது கெண்டைக்கால் சற்று மெலிந்தும் பாதம் சற்றுச் சின்னதாகவும் கடைசி வரை இருக்கும், ஓடுவதற்கும் குதிப்பதற்கும் அது தடையில்லை.

செலவு யோசனை இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (பிள்ளைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள், பிறவிக் குறைகளுக்கான அரசுத் திட்டத்தில் வளைபாதமும் இருக்கிறது. எங்கே போனாலும் அந்தக் கம்பி ஷூவைக் கையோடு எடுத்துப் போங்கள். கால் வளர்ந்திருக்கும், விரல் ஷூ விளிம்பைத் தாண்டியிருந்தால் அடுத்த அளவு வாங்க வேண்டும்.