கணவரின் கையெழுத்து இல்லாமல் கர்ப்பப்பை ஒப்பரேஷன் செய்வார்களா?

கேள்வி: திருகோணமலையில் இருக்கும் அக்காவுக்கு 44 வயது. கர்ப்பப்பையில் ஃபைப்ரொயிட் கட்டி, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தான் கட்டாரில். அவர் வந்து ஒப்பமிடாமல் செய்ய மாட்டார்கள் என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: இல்லை. 18 வயது நிரம்பி, தெளிந்த நினைவோடு இருக்கும் பெண் தன் சத்திரசிகிச்சைக்குத் தானே சம்மதம் தருகிறார். கணவரும் ஒப்பமிட வேண்டும் என்று இலங்கையில் சட்டம் எதுவும் இல்லை. குழப்பம் பழக்கத்தால் வருவது. எல்.ஆர்.டி. (இனிப் பிள்ளை வேண்டாம் என்று குழாய் கட்டும் ஒப்பரேஷன்) செய்யும்போது கணவரையும் கேட்கும் வழக்கம் இருக்கிறது. கர்ப்பப்பை போனாலும் இனிப் பிள்ளை இல்லை என்பதால் அதே கேள்வியைச் சிலர் இங்கும் கேட்டுவிடுகிறார்கள். கேட்டால், "அவருக்குத் தெரியும், ஒப்பமிடுவது நான்தான்" என்று அக்கா சொல்லலாம். அத்தான் ஒப்பமிட்டு அக்கா மறுத்தால்தான் அந்தப் பத்திரம் செல்லாது.

கையெழுத்து யாருடையது என்பதைவிட, அது எப்போது, எதை அறிந்து போடப்படுகிறது என்பதில்தான் பிழை நடக்கிறது. சம்மதப் பத்திரம் பெரும்பாலும் ஒப்பரேஷனுக்கு முதல்நாள் பின்னேரம் வார்டில் நீட்டப்படும். கொண்டுவருகிற இளம் டொக்டருக்குப் பத்துக் கட்டில் பார்க்க வேண்டியிருக்கும். தமிழ் குறைவாகவும் இருக்கலாம். இடையில் நிற்கும் மிஸ் (தாதி) "கட்டி எடுக்கப் போறம், இதில வையுங்கோ" என்று முடித்துவிடுவார். கட்டியை மட்டும் எடுப்பது வேறு, கர்ப்பப்பையை எடுப்பது வேறு. ஆகவே கேள்விகளை வார்டு வரை வைத்திருக்காமல் கிளினிக் நாளிலேயே வீ.ஓ.ஜி.யிடம் (மகப்பேற்று, பெண்நோயியல் விசேட வைத்தியரிடம்) கேளுங்கள். தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போவது நல்லது. அத்தானுக்கு அன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் அழைப்பு எடுத்துக் கேட்க வைத்தால், கடைசி நேரத்தில் தொலைபேசியில் சண்டை வராது.

முதல் கேள்வி, எடுக்கத்தான் வேண்டுமா? ஃபைப்ரொயிட் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல; மாதவிடாய் நின்ற பிறகு சுருங்கும். தொல்லை இல்லாத கட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அளவு மட்டும் கணக்கில்லை: உள்ளறைக்குள் துருத்தும் சின்னக் கட்டி, வெளிப்புறம் தொங்கும் பெரிய கட்டியைவிட அதிகம் இரத்தம் போக வைக்கும். (ஸ்கான் துண்டில் "14 கிழமை அளவு" என்று இருந்தால் பதற வேண்டாம். அது கர்ப்பகாலக் கர்ப்பப்பையோடு ஒப்பிட்டுச் சொல்லும் பருமன்.) இரத்தப்போக்குத்தான் பிரச்சினை என்றால் டிரனெக்சாமிக் அசிட் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப், கட்டியை மட்டும் அகற்றுவது ஆகிய வழிகள் இருக்கின்றன. இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவருக்கு முதலாவது கூடாது. கர்ப்பப்பையின் உள்வடிவம் கட்டியால் கோணியிருந்தால் லூப் வெளியே வந்துவிடலாம். கட்டியை மட்டும் எடுத்தால் பிறகு வேறு கட்டிகள் வளரக்கூடும். எது தனக்குப் பொருந்தாது, ஏன் என்று அக்கா கேட்கட்டும்.

இரண்டாவது, சூலகங்களை என்ன செய்யப் போகிறார்கள்? இதைக் கேட்காமல் ஒப்பமிடவே கூடாது என்பேன். 44 வயதில் இரண்டையும் எடுத்தால் மாதவிடாய் முடிவு ஒரே நாளில் வந்துவிடும்: உடம்பு எரிவு, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு. சூலகம் நல்லபடி இருந்து, குடும்பத்தில் மார்பக, சூலகப் புற்றுநோய் இல்லையென்றால் வைத்துவிடுவதே வழமை. பலோப்பியன் குழாய்களை மட்டும் சேர்த்து எடுப்பது பின்னாளில் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. முடிவு எதுவானாலும் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

ஆபத்தையும் கேட்கலாம். வயிற்றைத் திறந்து செய்யும் முறையில், பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர் கல்லூரியின் கணக்குப்படி, 1000 பேரில் ஏறத்தாழ 23 பேருக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வரும். 7 பேருக்குச் சிறுநீர்ப்பை அல்லது சிறுநீர்க்குழாய் காயப்படும். இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்பதால் இரும்புச்சத்தை முன்கூட்டியே ஏற்றுவது முக்கியம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரும்பு மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்து, தேத்தண்ணியை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போட்டும் இரத்தம் ஏறாததற்கு எங்கள் வீடுகளில் தேத்தண்ணிதான் அடிக்கடி காரணம்.

நீங்கள் பெண் என்றால் வார்டில் துணைக்கு நிற்க விடுவார்கள். உங்கள் வேலை அக்காவுக்குப் பதில் சொல்வதல்ல. டொக்டர் போனபின் "என்ன எடுக்கப் போகினம், என்ன விடப் போகினம்?" என்று கேட்டு, அவர் தன் வாயால் சொல்ல வையுங்கள். தடுமாறினால் டொக்டரைத் திரும்பக் கூப்பிடலாம். உடல் பரிசோதனையின்போது பெண் தாதி கூட நிற்கக் கேட்கலாம். பெண் டொக்டர்தான் வேண்டும் என்றும் கேட்கலாம், ஆனால் எல்லா நாளும் கிடைக்காது. மயக்க மருந்து கொடுக்கும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இரண்டாம் அபிப்பிராயம் வேண்டுமென்றால் ஸ்கான் அறிக்கையோடு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகலாம்.

வீட்டில் மாமியாரைச் சமாளிக்க உங்கள் பகுதி மிட்வைஃபைக் கூப்பிடுங்கள். வீடு வீடாக வருகிறவர், குடும்பத்தை அறிந்தவர். அவர் சொன்னால் கேட்பார்கள். பாப் பரிசோதனை (கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனை) செய்திருக்கா என்றும் அவரிடமே விசாரிக்கலாம். 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கில் அது இலவசம்.

எடுத்த கர்ப்பப்பையை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள், அறிக்கை வரச் சில கிழமை ஆகும். புண் ஆறியதும் பலர் அதை வாங்கப் போவதில்லை. வீட்டுக்கு விடும்போதே எந்தத் திகதியில், எந்த அறையில் எடுப்பது என்று டயக்னோசிஸ் கார்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.