நீல சிலிண்டரா, சிவப்பு சிலிண்டரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். வீட்டுக்குள் தாளித்தாலே புகை அலாரம் கத்துகிறது என்று தோட்டத்தில் ஒரு பெரிய கேஸ் அடுப்பு போட்டிருக்கிறோம், சிலிண்டர் நீல நிறம். கோடையில் நன்றாக எரிந்தது. ஜனவரியில் பொங்கல் வைக்கப் போனால் தீ சுருங்கிச் சுருங்கி அணைந்தே போய்விட்டது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் இன்னும் நல்ல கனம். கடையில் ஏமாற்றிவிட்டார்களா? சிவப்பு சிலிண்டர் வாங்கி இதே ரெகுலேட்டரை மாட்டலாமா? வெந்நீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: யாரும் ஏமாற்றவில்லை, உங்கள் சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, ஆனால் அது திரவமாகவே உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டனில் நீல சிலிண்டர் என்றால் பொதுவாகப் பியூட்டேன். அது சுமார் பூஜ்யம் டிகிரியில் கொதிக்கிற பொருள், சரியாகச் சொன்னால் மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போனால் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் அடுப்புக்கு எதுவும் வராது. அன்றைக்கு வெளியே நாலைந்து டிகிரி இருந்ததே என்பீர்கள். திரவம் ஆவியாகும்போது தன்னிடம் உள்ள சூட்டையே செலவழிக்கும், அதனால் பெரிய பர்னர் கேஸை வேகமாக இழுக்க இழுக்க சிலிண்டர் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துகொண்டே போகும். அடுத்த முறை பாருங்கள், திரவம் நிற்கிற மட்டம் வரை சிலிண்டர் வியர்த்திருக்கும், சில சமயம் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும், அதற்கு மேலே உலர்ந்திருக்கும்.

வெந்நீர் வேண்டவே வேண்டாம். சிலிண்டருக்கு வெளியிலிருந்து எந்த விதத்திலும் சூடு கொடுக்கக் கூடாது, உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சிவப்பு சிலிண்டரில் இருப்பது புரோப்பேன். அதன் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி, ஆகவே லெஸ்டர் குளிரெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. பனிக்காலத்தில் வெளியே சமைக்கிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் ரெகுலேட்டரை மட்டும் மாற்றாமல் விடாதீர்கள், இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. 20 டிகிரி வெப்பத்தில் இரண்டு சிலிண்டரையும் பக்கத்தில் வைத்தால் புரோப்பேன் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால்தான் வாய்களையே வேறு வேறாகச் செய்திருக்கிறார்கள்: பியூட்டேனில் 7, 15 கிலோ சிலிண்டர்களுக்கு 21 மில்லிமீட்டர் வாயில் அழுத்திப் பூட்டுகிற ரெகுலேட்டர், வெளியே விடும் அழுத்தம் 28 மில்லிபார். புரோப்பேனுக்கு ஸ்பேனர் போட்டு முடுக்குகிற பித்தளை நட், 37 மில்லிபார், மரை தலைகீழ், அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகும். ஒன்று மற்றதில் பொருந்தாது, பொருந்தக் கூடாது என்றுதான் அப்படி. இரண்டையும் சேர்க்க அடாப்டர் இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பச்சை நிறத்தில் பார்பெக்யூவுக்கு என்றே விற்கிற சிலிண்டர்களிலும் புரோப்பேன்தான், ஆனால் வாய் 27 மில்லிமீட்டர், அதற்கு வேறு ரெகுலேட்டர்.

இன்னொன்று, அடுப்பும் சம்மதிக்க வேண்டும். அடுப்பின் அடியிலோ பின்பக்கமோ ஒரு சின்னத் தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். அதில் ஜி30 என்று இருந்தால் பியூட்டேன், ஜி31 என்று இருந்தால் புரோப்பேன், பக்கத்தில் மில்லிபார் கணக்கும் போட்டிருப்பார்கள். இரண்டும் இருந்தால் தாராளமாக மாறலாம், ரெகுலேட்டரை மட்டும் புதிதாக வாங்குங்கள், டியூப் பழையதாக வெடித்துக் கிடந்தால் அதையும்.

அப்புறம் குளிருக்குப் பயந்து அடுப்பைக் கராஜுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இழுத்துப் போய்விடாதீர்கள். சிவப்பு சிலிண்டரின் இடம் வெளியேதான். அது ஒரு பக்கம் இருக்க, மூடிய இடத்தில் கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையும் வராது, புகையும் தெரியாது, தலைவலி என்று படுத்தவர்கள் எழுந்திருப்பதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: லண்டனில் இருக்கிற என் மகன், சிவப்பு சிலிண்டரை வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்கிறான். தாம்பரத்தில் எங்கள் சமையலறையில் இருப்பது சிவப்புதான், எதிரே டீக்கடையில்தான் நீலம். பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. மகன் சொல்வது அந்த ஊருக்குச் சரி, நம் ஊருக்குப் பொருந்தாது. இந்தியாவில் 14.2 கிலோ சிவப்பு என்றால் வீட்டு உபயோகம், 19 கிலோ நீலம் என்றால் கடைக்கு. இரண்டிலுமே பியூட்டேனும் புரோப்பேனும் கலந்த எல்பிஜி. அயர்லாந்து போனால் பியூட்டேன் மஞ்சள் சிலிண்டரில் வரும். ஆகவே நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், சிலிண்டர் மேல் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சிலிண்டரில் பார்க்க வேண்டியது வேறு. தலைப்பக்க வளையத்தைத் தாங்குகிற பட்டைகளில் ஒன்றின் உட்புறம் பி-27 என்பது போல ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். அது மறுபரிசோதனைக் கெடு: ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், எண் வருடம். கெடு தாண்டியிருந்தால் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், அது உங்கள் உரிமை. மூடியைக் கழற்றியதும் வால்வுக்குள் சின்ன ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது கிழிந்திருந்தாலோ இல்லாமலே போனாலோ ரெகுலேட்டர் மாட்டிய பிறகும் கசியும். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் போதும், நுரை குமிழியிட்டால் கசிகிறது, தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடுதான் படரும், அதனால் முகத்துக்கு நேரே வாடை குறைந்துவிட்டது என்று உள்ளே போய்விடாதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2021-இல் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்த பிறகு அம்மா இன்றைக்கும் குசினிக்குள் அடுப்புப் பற்றவைக்கப் பயப்படுகிறா. அப்போது உண்மையில் என்ன நடந்தது?

பதில்: அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. வெப்ப நாட்டில் பியூட்டேன் அதிகமாக இருக்கிற கலவையே போதும், குளிரில் ஆவியாகாமல் போகும் பிரச்சினையே இல்லை. இலங்கையிலும் பியூட்டேன் 80, புரோப்பேன் 20 என்ற அளவில்தான் வந்துகொண்டிருந்தது. அது பாதிக்குப் பாதியாக மாறியது, சிலிண்டர் அதே, ரெகுலேட்டர் அதே, மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. அரசு அமைத்த நிபுணர் குழுவும் இந்தக் கலவை மாற்றத்தைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னது. புரோப்பேன் கூடினால் அழுத்தம் கூடும், குறைந்த அழுத்தத்தில் எப்படியோ தாக்குப்பிடித்த பழைய வாஷரும் தளர்ந்த ஹோஸும் அப்போது விட்டுக்கொடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று சிலிண்டரிலேயே எழுதாமல் ஒரு குடும்பத்தின் சமையலறைக்கு அதை அனுப்புவது பெரிய தவறு என்பது என் கருத்து. அம்மாவிடம் சொல்லுங்கள்: ஹோஸ், கிளிப், ரெகுலேட்டர் மூன்றையும் தரமுத்திரை உள்ளதாகப் புதிதாக மாற்றி, ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் இணைப்புகளில் சோப்பு நுரை போட்டுப் பார்த்துவிட்டுப் பற்றவைக்கலாம்.

கேள்வி: கோலாலம்பூரில் மாணவர் விடுதியில் இருக்கிறேன். ஸ்ப்ரே டப்பா மாதிரி சின்ன கேஸ் கேன் போடுகிற அடுப்பு பாதுகாப்பானதா?

பதில்: அந்தக் கேனில் பெரும்பாலும் பியூட்டேன்தான். அடுப்பு மோசமில்லை, அதன் மேல் வைக்கிற பாத்திரம்தான் மோசம். அடுப்பைவிடப் பெரிய தோசைக்கல்லோ அண்டாவோ வைத்தால் அது கேன் இருக்கிற பக்கம் வரை மூடிக்கொள்ளும், சூடு கீழே திரும்பிக் கேனில் இறங்கும், அதில்தான் வெடிக்கிறது. இரண்டு அடுப்புகளை ஒட்டி வைத்து ஒரே பெரிய பாத்திரத்தை ஏற்றுவதும் இதே ஆபத்துதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், சமைத்து முடித்ததும் கேனைக் கழற்றி வெயில் படாத இடத்தில் வையுங்கள். விடுதி விதி அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.